அவள் வரும்வரை அந்த இடம் அவளுக்கே!

ஹாக்கி என்றால் நமக்கெல்லாம் புல்தரையும் வளைந்த மட்டையும்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில், குளிர் வாட்டி எடுக்கும் வட மாநிலங்களில் போய் ஹாக்கி என்று சொல்லிப் பாருங்கள், அது வேறே ஆட்டம்! பனிக்கட்டித் தரை. காலில் கத்தி பொருத்திய ஸ்கேட்டிங் ஷூ. பந்துக்குப் பதிலாக 'பக்' என்கிற கறுப்பு ரப்பர் வில்லை. ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஆறே பேர். 20 நிமிஷம் வீதம் மூன்று பகுதிகள். கண்ணை மூடித் திறப்பதற்குள் பக் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும்.

இந்த ஆட்டத்தைப் பெண்களும் ஆடுகிறார்கள். 1998-ல் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில்தான் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் பெண்கள் கனடாவை 3-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். இந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஆட்டத்தில் தேர்ந்தது கல்லூரிகளில். அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்று 1972-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. 'டைட்டில் நைன்' என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகுதான் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டு கிடுகிடுவென்று வளர்ந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். கல்லூரி டீமுக்கு முதுகெலும்பாக இருக்கிற பெண் யாரோ, அவளேதான் தேசிய அணிக்கும் வேண்டும்! ஒலிம்பிக் வருகிறது என்றால் தேசம் கூப்பிடும். அவள் போய்த்தான் ஆக வேண்டும். கல்லூரி டீம்? வீட்டில் சமையல், பால் கணக்கு, பெரியவர்களின் மருந்து மாத்திரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மூத்த மருமகள் பிரசவத்துக்குப் பிறந்தகம் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான்.

இதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

"எங்க வீட்டில் மூணு பேர் ஊரில் இல்லை"

2009 ஆகஸ்டில் நாங்கள் விஸ்கான்ஸின் மாநிலத்தின் தலைநகரமான மேடிஸனுக்குக் குடிபோனோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே யூனிவர்ஸிடியில் இரண்டு வருஷ வேலை. பையனுக்கு அப்போது இரண்டு வயசு. பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். அறுபது வயசு தாண்டியவர். யூனிவர்ஸிடி பெண்கள் ஹாக்கி டீம் என்றால் உயிர். வருஷா வருஷம் சீசன் டிக்கெட் வாங்கிவிடுவார்.

போன புதிதில் ஒருநாள், "இந்த வருஷம் கஷ்டம்தான். எங்க வீட்டில் மூணு பேர் ஊரில் இல்லை" என்றார். 'வீடு' என்று அவர் சொன்னது ஹாக்கி டீமை!

யார் அந்த மூன்று பேர்? முதலாவது, ஹிலரி நைட். எதிராளி கோல்கீப்பருக்குச் சிம்ம சொப்பனம். இரண்டாவது, மெகன் டக்கன். மாஸசூஸெட்ஸ் மாநிலத்துப் பெண். மூன்றாவது ஆள்தான் வேடிக்கை... டீமின் கோச் மார்க் ஜான்ஸன்! 2010-ல் கனடாவின் வான்கூவரில் நடக்கவிருந்த ஒலிம்பிக்குக்கு அமெரிக்கப் பெண்கள் அணியின் கோச்சாக அவரையே நியமித்துவிட்டார்கள். இது போதாதென்று, முந்தைய வருஷம் டீமின் கோல்கீப்பராக இருந்த ஜெஸ்ஸி வெட்டர் படிப்பை முடித்துவிட்டு வெளியேறியிருந்தார். அவரும் வான்கூவர் அணிக்கே போனார்.

மார்க் ஜான்ஸனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1980-ல் நியூயார்க் மாநிலத்து லேக் பிளாஸிட்டில் நடந்த ஒலிம்பிக்கில், யாராலும் அசைக்க முடியாது என்று பெயர் வாங்கியிருந்த சோவியத் அணியை அமெரிக்கப் பையன்கள் 4-3 என்று தோற்கடித்தார்கள். அந்த அமெரிக்க அணியில் பெரும்பாலும் கல்லூரி ஆட்டக்காரர்கள். கோச் ஹெர்ப் புரூக்ஸ், மின்னஸோட்டா யூனிவர்ஸிடியில் கோச்சாக இருந்தவர். அன்றைக்கு அமெரிக்கா போட்ட நான்கு கோல்களில் இரண்டு மார்க் ஜான்ஸனுடையவை. அவரும் விஸ்கான்ஸினில் மூன்று சீசன் ஆடிவிட்டு தேசிய அணிக்குப் போனவர்தான். தேசம் கூப்பிட்டால் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

ஒரு வருஷம் எதற்கு?

"ஒலிம்பிக் ரெண்டு வாரம்தானே? அதற்கு ஏன் ஒரு வருஷம் போக வேண்டும்?" என்று நான் அந்த அம்மாளைக் கேட்டேன். உங்களுக்கும் இதே கேள்வி வரும்.

அந்தக் காலத்து ஏற்பாடு அப்படி. ஒலிம்பிக்குக்கு ஆறு, ஏழு மாதம் முன்பே அமெரிக்க அணியை ஓர் ஊரில் கூட்டி வைத்துவிடுவார்கள். 2009-10ல் அது மின்னஸோட்டா மாநிலத்தின் பிளேன் என்ற ஊர். எல்லோரும் அங்கேயே தங்கிப் பயிற்சி செய்ய வேண்டும். நடுநடுவே வெளியூர் ஆட்டங்கள். மேடிஸனில் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது. ஆகவே பெண்கள் அந்த வருஷம் கல்லூரி ஆட்டத்திலிருந்து விலகி நிற்பார்கள்.

விலகினால் படிப்பும் ஆட்டமும் போச்சா? அதுதான் இல்லை! கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற அமைப்புக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். நாங்கள் அங்கே இருந்த காலத்தில் அதன் விதி, கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் நான்கு சீசன் ஆடிக்கொள்ளலாம் என்பது. அதாவது ஒரு வருஷம் கையிருப்பு. அடிபட்டால் அதைச் செலவழிக்கலாம். தேசத்துக்காகப் போனாலும் செலவழிக்கலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இரண்டே பெண்கள் போனதற்கா இவ்வளவு தவிப்பு என்று தோன்றும். இந்த ஆட்டத்தில் முன்னால் நின்று ஆடுபவர்கள் மூன்று பேர். அதற்கு 'லைன்' என்று பெயர். ஒரு லைன் முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம் மூச்சுப் பிடித்து ஆடும். உடனே வெளியே வரும். அடுத்த லைன் உள்ளே பாயும். மூன்று பேரும் ஒருவர் மனசை ஒருவர் படித்து வைத்திருந்தால்தான் ஆட்டம் ஓடும். அதிலிருந்து ஒருத்தியை எடுத்தால் இரண்டாவது லைனிலிருந்து ஒருத்தி மேலே வர வேண்டும். மூன்றாவதிலிருந்து ஒருத்தி அவள் இடத்துக்கு... ஆக, ஒருத்தி போனால் எல்லோருடைய இடமும் மாறிவிடும்.

அந்தக் குளிர்காலம்

2006 தொடங்கி 2009 வரை நான்கு வருஷமும் விஸ்கான்ஸின் பெண்கள் தேசிய இறுதி ஆட்டத்துக்குப் போனவர்கள். 2006, 2007, 2009 மூன்று வருஷமும் சாம்பியன்! 2009 இறுதியில் மெர்ஸிஹர்ஸ்ட் அணியை 5-0 என்று துவைத்து எடுத்தார்கள். அப்படிப்பட்ட டீம் 2009-10ல், அப்போது எட்டே எட்டு அணிகள் ஆடிய தேசியப் போட்டிக்குத் தகுதிகூடப் பெறவில்லை.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒரு நல்ல நாளும் உண்டு. 2010 பிப்ரவரி 6-ந் தேதி, யூனிவர்ஸிடியின் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் பனித்தரை அமைத்து வெட்டவெளியில் ஆட்டம் வைத்தார்கள். பையனுக்கு மூன்று ஸ்வெட்டர், இரண்டு குல்லாய் மாட்டி, பிளாஸ்க்கில் காப்பி ஊற்றிக்கொண்டு நாங்களும் போனோம். பெமிஜி ஸ்டேட் அணியை நம் பெண்கள் 6-1 என்று ஜெயித்தார்கள். 'நம் பெண்கள்' என்று எழுதிவிட்டேன் பாருங்கள்... அதற்குள் எனக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களாகிவிட்டார்கள்!

அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் பெஞ்சில் நின்றிருந்த பெண்மணியைக் காட்டினார். டிரேஸி டெகைஸர். கோச் திரும்பி வரும்வரை அந்த ஒரு வருஷம் டீமைப் பொறுப்பேற்றவர். "ஜெயித்தால் பேர் போனவருக்கு, தோற்றால் பழி இவளுக்கு. ஆனாலும் ஒப்புக்கொண்டு நிற்கிறாள் பார்" என்றார். இடைக்காலப் பொறுப்பு எவ்வளவு பாரமானது என்று, மாமியார் ஊரில் இல்லாத சமயம் விசேஷம் நடத்திய மருமகள்களுக்குத் தெரியும்!

அந்த வருஷம் நான்காவது வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண்களை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் சங்கடம். போனவர்களுக்கு அடுத்த வருஷம் இருக்கிறது. சின்னப் பெண்களுக்கும் இருக்கிறது. இவர்களுக்குக் கடைசி வருஷமே அதுதான். தேசிய அணி அவர்களைக் கூப்பிடவில்லை; கல்லூரி டீமும் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. போகிறவளுக்கு மாலை போடுகிறோம். தங்குகிறவள் கொடுக்கிற விலையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

போனவர்களுக்கும் நினைத்தது கிடைத்துவிடவில்லை. பிப்ரவரி 25-ந் தேதி வான்கூவர் இறுதி ஆட்டத்தில் கனடா 2-0 என்று ஜெயித்தது. இரண்டு கோலையும் போட்டவர் மரி-ஃபிலிப் பூலன் என்ற 18 வயசுப் பெண். அமெரிக்காவுக்கு வெள்ளிதான்.

திரும்பி வந்தார்கள்

2010 இலையுதிர் காலத்தில் மூன்று பேரும் மேடிஸனுக்குத் திரும்பினார்கள். கோச் பழையபடி கோச். டக்கன், காப்டன். நைட் தன் இடத்தில்.

வேடிக்கை என்னவென்றால், பழைய டீம் அப்படியே திரும்பவில்லை. அதைவிடப் பலமான டீம் உருவாகியிருந்தது. இரண்டு பேர் இல்லாத வருஷத்தில் மேலே ஏற்றிவிடப்பட்ட சின்னப் பெண்கள் இப்போது நெருக்கடியைப் பார்த்துப் பழகியவர்கள். அவர்களை யாரும் "உன் வேலை முடிந்தது, ஓரமாக நில்" என்று ஒதுக்கவில்லை. ஒலிம்பிக்கிலிருந்து வந்தவர்களோ ஒரு வருஷம் உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரிகளோடு மோதிவிட்டு வந்தவர்கள்.

அந்த சீசனில் 41 ஆட்டங்கள்: 37 வெற்றி, 2 தோல்வி, 2 சமன். ஹிலரி நைட் மட்டும் 47 கோல்! நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரிக்குக் கொடுக்கும் பேட்டி கஸ்மையர் விருது மெகன் டக்கனுக்கு. 2011 மார்ச்சில் பென்ஸில்வேனியாவின் ஈரி நகரில் இறுதி ஆட்டம். எதிரே பாஸ்டன் யூனிவர்ஸிடி. அந்த அணியில் யார் இருந்தார் தெரியுமா? வான்கூவரில் இரண்டு கோல் போட்ட அதே பூலன்! கனடாப் பெண்கள் பலர் அமெரிக்கக் கல்லூரிகளில் படிப்பவர்கள். தேசத்துக்காக எதிரெதிர் அணி; கல்லூரியிலோ யார் யாரோடு என்பது வேறு கணக்கு. பூலனும் 2013-14ல் கல்லூரியை விட்டுவிட்டு ஒலிம்பிக்குக்குப் போய், பிறகு திரும்பி வந்து ஆடினார்.

விஸ்கான்ஸின் 4-1 என்று ஜெயித்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வீட்டில் எல்லோரும் கூடினோம். நான் மைசூர்பாகு கிளறிக் கொண்டு போயிருந்தேன்.

அம்மாவாகித் திரும்பியவர்

எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடிவதில்லை. இன்னும் சில பெண்களைச் சொல்கிறேன்.

ஹார்வர்டில் படித்த ஏ.ஜே. மிலெஸ்கோ, நகானோ ஒலிம்பிக்குக்காகக் கல்லூரி ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போனார். தங்கத்தோடு வந்தார். 1998-99ல் ஹார்வர்ட் 33 ஆட்டம் ஜெயித்து ஒன்றே ஒன்றில் தோற்று, தேசிய சாம்பியன் ஆனது.

ஜென்னி ஷ்மிட்கால் பாட்டர், மின்னஸோட்டா-டுலூத் அணிக்காரி. நகானோவில் தங்கம் வாங்கியவர். 2001-ல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறு வருஷமே ஸால்ட் லேக் ஸிடி ஒலிம்பிக்கில் ஆடி வெள்ளி! அதோடு விட்டாரா? கைக்குழந்தையோடு டுலூத்துக்குத் திரும்பிக் கல்லூரி அணியில் சேர்ந்தார். 2003-ல் அந்த அணி தேசிய சாம்பியன். பிறகு இன்னொரு குழந்தை, இன்னும் இரண்டு ஒலிம்பிக். "குழந்தை பிறந்தாச்சு, இனிமே என்ன ஆட்டம்?" என்று கேட்டவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். ஆனால் அவருக்கென்று டீமில் இடம் இருந்தது.

மின்னஸோட்டா யூனிவர்ஸிடியின் அமாண்டா கெஸ்ஸலின் கதை நம்மைப் போன்ற தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 2012-13ல் அந்த அணி 41 ஆட்டத்தில் 41-ம் வெற்றி! கெஸ்ஸல் 2013-14ல் சோச்சி ஒலிம்பிக்குக்குப் போனார். லீ ஸ்டெக்லைன் என்ற 19 வயசுப் பெண்ணும் போனார். அவர்கள் இல்லாமலேயே அணி ஜெயித்துக்கொண்டு போய், தொடர் வெற்றி 62 ஆன பிறகு நவம்பரில் நார்த் டகோட்டாவிடம் தோற்றது. இறுதி ஆட்டம்வரை போய் கிளார்க்ஸன் அணியிடம் 4-5 என்று பட்டத்தை இழந்தது. ஒரே ஒரு கோல் வித்தியாசம்!

ஆனால் கெஸ்ஸல் அடுத்த வருஷம் திரும்பவில்லை. ஒலிம்பிக் காலத்தில் தலையில் பட்ட அடி, மூளை அதிர்ச்சியாக நீடித்தது. 2014-15 முழுக்க ஆடவில்லை. 2016 பிப்ரவரியில்தான் பனித்தரையில் கால் வைத்தார். அப்போதும் அவருடைய இடம் அவருக்காக இருந்தது! மார்ச்சில் நடந்த இறுதி ஆட்டத்தில், அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத பாஸ்டன் காலேஜை மின்னஸோட்டா 3-1 என்று ஜெயித்தபோது ஒரு கோல் கெஸ்ஸலுடையது.

தலை அடி வெளியே தெரியாத காயம். குழந்தை விழுந்து தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகிற தலைவலி, வலிப்பு, பேச்சில் குழப்பம், காது மூக்கில் ரத்தமோ நீரோ வடிவது இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். லேசான அடி என்றாலும் டாக்டர் சொல்லும்வரை ஆடவிடாதீர்கள். "போட்டி வருதே, டீமில் இடம் போயிடுமே" என்ற பயம்தான் பல பிள்ளைகளை வலியை மறைக்கச் செய்கிறது. இடம் போகாது என்று தெரிந்தால் பிள்ளை உண்மையைச் சொல்லும்.

பையன்களுக்கு மூன்று வாரம்

பையன்கள் டீமில் இதே கதை சின்ன அளவில் வருஷா வருஷம் நடக்கிறது. 20 வயசுக்குட்பட்டவர்களுக்கான உலகப் போட்டி கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். முகாமையும் சேர்த்து இரண்டு, மூன்று வாரம் கல்லூரி அணிகளில் முக்கியமான பையன்கள் இருக்க மாட்டார்கள்.

2023 டிசம்பரில் ஸ்வீடனில் நடந்த போட்டிக்கு பாஸ்டன் காலேஜிலிருந்து ஒரே லைனில் ஆடுகிற வில் ஸ்மித், ரையன் லியோனார்ட், கேப் பெரோ மூவரும், இன்னும் சிலரும் அமெரிக்க அணிக்குப் போனார்கள். அந்த அணிக்குக் கோச், டென்வர் யூனிவர்ஸிடியின் டேவிட் கார்ல். அவரும் தன் டீமை உதவிக் கோச்சுகளிடம் விட்டுவிட்டு வந்தவர். எல்லோருமாகச் சேர்ந்து தங்கம் வாங்கினார்கள். மூன்றே மாதம் கழித்து, 2024 ஏப்ரலில் கல்லூரி இறுதி ஆட்டம். டென்வருக்கும் பாஸ்டன் காலேஜுக்கும்! டென்வர் 2-0 என்று ஜெயித்தது. ஜனவரியில் கட்டித் தழுவிய பையன்களையே ஏப்ரலில் கோல் போடவிடாமல் தடுக்க வேண்டியிருந்தது அந்தக் கோச்சுக்கு.

காசு பற்றியும் பேச வேண்டும்

இவ்வளவும் விட்டுவிட்டுப் போகிற பெண்களுக்குக் கை நிறையச் சம்பளம் கிடைத்தது என்று நினைக்காதீர்கள். 2017 மார்ச்சில் அமெரிக்கப் பெண்கள் அணி உலகப் போட்டியைப் புறக்கணிக்கப் போவதாகக் கொடி பிடித்தது. அப்போது அவர்கள் சொன்ன கணக்கு: ஒலிம்பிக் முகாம் நடக்கும் ஆறு மாதம் மட்டும் ஆளுக்கு மாதம் 1,000 டாலர். மற்ற மூன்றரை வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை! அணியின் காப்டன் யார்? நம் மெகன் டக்கன்தான். பேச்சு வார்த்தை நடந்து, நிலைமை முன்னேறியது. மறு வருஷம் 2018-ல் அதே அணி தென் கொரியாவில் கனடாவை ஜெயித்துத் தங்கம் வாங்கியது. இருபது வருஷத்துக்குப் பிறகு!

2024 ஜனவரியில் பெண்களுக்கென்று சம்பளத்தோடு கூடிய பி.டபிள்யூ.ஹெச்.எல். என்ற லீக் ஆரம்பமானது. அதனால் 2026 மிலான் ஒலிம்பிக்குக்குப் பழையபடி மாதக் கணக்கில் ஒரே ஊரில் கூட்டி வைக்கவில்லை. கல்லூரிப் பெண்கள் ஒரு வருஷத்தையே விட வேண்டிய அவசியமும் குறைந்தது.

அந்த லீகின் முதல் கோப்பையை ஜெயித்தது மின்னஸோட்டா. காப்டன், கெண்டல் காய்ன் ஸ்கோஃபீல்ட். இவர் நார்த்ஈஸ்டர்ன் யூனிவர்ஸிடியில் படிக்கும்போது 2013-14ல் ஒலிம்பிக்குக்காக ஒரு வருஷம் விலகி, திரும்பி வந்து 2016-ல் கஸ்மையர் விருது வாங்கியவர். 2023 ஜூலையில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆறு மாதத்தில் பனித்தரைக்குத் திரும்பினார். முதல் தடவை தேசத்துக்காகப் போய் வந்தார். இரண்டாம் தடவை பிள்ளைக்காக. இரண்டு தடவையும் டீம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

நம் வீட்டில்?

மேடிஸன் போவதற்கு முன் நான் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். 2007-ல் பிரசவ லீவு முடிந்து திரும்பியபோது, என் பத்தாம் வகுப்பு இன்னொருவருக்குப் போயிருந்தது. "நீங்க அடிக்கடி லீவு போடுவீங்க, கைக்குழந்தைக்காரி" என்றார்கள். அப்போது நான் ஒரு நாள்கூட லீவு போட்டிருக்கவில்லை! சம்பளம் கிடைத்தது, நாற்காலி கிடைத்தது. என் இடம் மட்டும் கிடைக்கவில்லை. இதைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னபோது, "உன்னை அனுப்பும்போதே திரும்பி வருவாய் என்று அவர்கள் நினைக்கவில்லை போலிருக்கிறது" என்றார். சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தக் கல்லூரி டீம் செய்தவை பெரிய மந்திரமில்லை. அனுப்பும்போதே எப்போது திரும்புவாய், எந்த வருஷம் ஆடுவாய் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். தங்கியவர்களை வெறும் இட்டு நிரப்பலாக வைக்காமல், பெரிய ஆட்டங்களில் இறக்கிப் பழக்கினார்கள். போனவள் தங்கமில்லாமல் வந்தாலும், அடிபட்டு வந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். மெடலுக்கும் இடத்துக்கும் முடிச்சுப் போடவில்லை. அவள் திரும்பிய பிறகு, அவள் இல்லாதபோது வளர்ந்தவளைக் கீழே தள்ளவுமில்லை.

நம் வீட்டிலும் இப்படிப் பெண்கள் போகிறார்கள், வருகிறார்கள். மாவட்ட டீமுக்கோ மாநில டீமுக்கோ பெண் தேர்வாகி முகாமுக்குக் கூப்பிட்டால், "பாடம் போயிடும்" என்று ஒரேயடியாக மறுக்காதீர்கள். தலைமை ஆசிரியரைப் பார்த்து, எத்தனை நாள், விட்ட பாடத்தை யார் சொல்லித் தருவார், விட்ட பரீட்சைக்கு என்ன வழி என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். மருமகள் பிரசவத்துக்குப் போகும்போது, அவள் வேலை பார்க்கிற இடத்தில் திரும்பும் தேதியையும் அவள் பொறுப்பையும் பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவள் திரும்பிய பிறகு, குழந்தைக்கு ஜுரம் வருகிற நாளில் யார் வீட்டில் இருப்பது என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்யட்டும். அக்கா முகாமுக்குப் போன மாதம் தண்ணீர் பிடித்து, தம்பியைக் குளிப்பாட்டிய தங்கைக்கும் ஒரு பாராட்டு சொல்லுங்கள்.

இப்போது என் மருமகளுக்கு ஏழாம் மாதம். அவள் வேலை பார்க்கும் ஆபீஸில் தன் பொறுப்புகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பார்த்துக்கொள்ளப் போகிற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் தான் திரும்பும் தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். கெட்டிக்காரி!